முதல் தூண்டில்: மூங்கிலா, ரீலா?

கையில் 4,000 ரூபாயோடு தூண்டில் சாமான் கடைக்குள் நுழைபவரின் கண் முதலில் போவது சுவரோரம் சாத்தியிருக்கும் ராடுகள் (தூண்டில் கோல்கள்) மீதுதான். நீளத்தைப் பார்ப்பார், கைப்பிடியைத் தடவுவார், நுனியைக் கூரையில் முட்டி வளைத்துப் பார்ப்பார் (இதைச் செய்யாதீர்கள், முறிந்தால் காசு உங்களுடையது). பிடித்ததை எடுத்தபின் மிச்சக் காசுக்கு ஒரு ரீல் (இழையைச் சுற்றும் கருவி). அதிலும் மிஞ்சியதற்கு நரம்பு, அதாவது தூண்டில் இழை. முள்ளை யாரும் தேர்ந்தெடுப்பதே இல்லை. கடைக்காரர் கைக்குக் கிடைத்த பொட்டலத்தைப் பையில் போடுவார்.

இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் கட்சி. மீனின் வாயிலிருந்து உங்கள் கையை நோக்கி வாருங்கள்: முள், நரம்பு, ரீல், கடைசியாக ராடு. புதியவரிடமிருந்து மீன் தப்பும்போது பெரும்பாலும் முள் நிமிர்ந்திருக்கும், முடிச்சு உருவியிருக்கும், இல்லையென்றால் நரம்பு அறுந்திருக்கும். ராடு சுமாராக இருந்ததால் மீன் போயிற்று என்பது அரிது.

ஆனால் அதற்கும் முன்னால் ஒன்றை முடிவு செய்தாக வேண்டும். அடுத்த ஆறு மாதம் எந்தத் தண்ணீர் ஓரம் உட்காரப் போகிறீர்கள்? வீட்டுக்குப் பக்கத்து ஏரியா, வாய்க்காலா? முட்டுக்காடு மாதிரி கழிமுகமா? திறந்த கடற்கரையா? "எல்லாத்துக்கும் ஆகிற மாதிரி ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்குவது ஏரிக்கு முரடாகவும் கடலுக்கு மெலிதாகவும் இருக்கும். திறந்த கடற்கரையில் அலையைத் தாண்டி எறிய 10 அடிக்கு மேல் நீளமான ராடும், 5000க்கு மேல் அளவு எண்ணுள்ள பெரிய ரீலும், கனமான ஈயமும், கொஞ்சம் தோள் பலமும் வேண்டும். முதல் வருடத்தில் அது வேண்டாம் என்று சொல்லி அதை இங்கேயே விட்டுவிடுகிறேன். ஏரியும் கழிமுகமும்தான் பழக ஏற்ற இடங்கள்.

கம்பும் கைத்தூண்டிலும்

ஏரி, குளம், வாய்க்கால் என்றால் ரீலே தேவையில்லாத ஒரு வழி இருக்கிறது. 10, 12 அடி மூங்கில் கம்பு, ஏறக்குறைய அதே நீளத்துக்கு நரம்பு, ஒரு தக்கை, சின்ன ஈயத் துண்டு, 8 அல்லது 10ஆம் எண் முள். தக்கைக்கு மயிலிறகுத் தண்டும் நெட்டியும் இன்றைக்கும் பிளாஸ்டிக் தக்கையைவிட நன்றாக வேலை செய்கின்றன. மெலிதாக இருப்பதால் சின்னக் கடி கூடத் தெரியும். இரைக்கு மண்புழு, அல்லது எண்ணெய் விட்டுப் பிசைந்த மைதா உருண்டை. எல்லாம் சேர்த்தாலும் சில நூறு ரூபாய்க்குள் முடியும்.

இதில் மாட்டுவது பெரும்பாலும் ஜிலேபி. 1952இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டு, பிறகு தமிழ்நாட்டு நீர்நிலை அத்தனையிலும் பரவிவிட்ட மீன். நாட்டு மீன்களுக்கு அது தொல்லைதான். ஆனால் தூண்டில் பழகுபவருக்கு அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது: பகலில் கடிக்கும், கரையோரமே கடிக்கும், தப்பவிட்டால் பத்து நிமிடத்தில் இன்னொன்று வரும். தக்கை எப்போது சும்மா ஆடுகிறது, எப்போது மீன் முகர்ந்து பார்க்கிறது, எப்போது இரையை வாய்க்குள் வாங்கிவிட்டது என்ற வித்தியாசம் கண்ணுக்குப் பழகுவது கம்பில்தான். ரீலோடு தொடங்குபவர்கள் எறிவதில் காட்டுகிற அக்கறையைப் பார்ப்பதில் காட்டுவதில்லை. விளைவு, 40 மீட்டர் தூரம் எறிந்துவிட்டு, மீன் காலடியில் புல் ஓரத்தில் மேய்வதைக் கவனிக்காமல் நிற்பார்கள்.

மூங்கில் கிடைக்காவிட்டால் மடக்கி நீட்டும் கண்ணாடி இழைக் கம்பு வாங்கலாம். ரீல் மாட்டாத ரகம், நுனியில் நரம்பைக் கட்டுவதற்கு மட்டும் இடம் இருக்கும். இதை வாங்கச் சொல்கிறேன்; ஆனால் இதே மடக்கு வகையில் ரீலோடு வருவதை வேண்டாம் என்பேன். காரணம் பிறகு.

கம்பின் குறை தெளிவானது. உங்கள் கையிலிருந்து 20 அடி, மிஞ்சிப்போனால் 25 அடிதான் எட்டும். 2 கிலோ ரோகு மாட்டினால் விட்டுப்பிடிக்க நரம்பு கிடையாது. கம்பு வளையும், நரம்பு விறைக்கும், பிறகு எது பலவீனமோ அது போகும். பெரிய மீன் ஆசை வந்தவுடன் கம்பை மாற்றித்தான் ஆகவேண்டும்.

கழிமுகம், படகுத்துறை, தூண்டில் வளைவுப் பாறை (கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கற்கள்) என்றால் கம்புக்குப் பதில் கைத்தூண்டில். ஒரு கட்டையிலோ பிளாஸ்டிக் பாட்டிலிலோ சுற்றிய தங்கூசி (நைலான் நரம்பு), அடியில் ஈயம், அதற்கு மேல் ஒன்றிரண்டு முள், இறால் துண்டு. கடலோர ஊர்க்காரர்கள் இதை வைத்துக்கொண்டு கிழங்கானை அள்ளுவதைப் பார்த்தால் ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு நிற்பவருக்கு வெட்கமாக இருக்கும். நரம்பு நேராக விரல் மேல் கிடப்பதால் கடியின் உணர்வு எந்த ராடிலும் வராத அளவுக்குத் துல்லியமாக வரும். ஆனால் முரட்டு மீன் ஓடினால் விரலை அறுத்துவிடும். ஆள்காட்டி விரலில் துணி பிளாஸ்டரோ சைக்கிள் டியூப் துண்டோ சுற்றிக்கொள்வது வழக்கம். அதைச் செய்யாமல் உட்காராதீர்கள்.

இந்தப் பொழுதுபோக்கு ஒட்டுமா ஒட்டாதா என்று தெரியாதவர் இந்த இரண்டில் ஒன்றோடு இரண்டு மாதம் ஓட்டலாம். ஒட்டாவிட்டால் நஷ்டம் ஒரு பிரியாணி விலை.

ரீல் வாங்குவது என்று முடிவானால்

இணையத்தில் "மீன்பிடிக் காம்போ" என்று தேடினால் மடக்கு ராடு, ரீல், நரம்பு, ரப்பர் மீன், முள், பை என எல்லாமே ஆயிரம் ரூபாய் சுற்றில் வரும். பெட்டியைத் திறக்கும் அன்று மகிழ்ச்சியாக இருக்கும். மடக்கு ராடில் ஒரு துண்டுக்குள் இன்னொரு துண்டு நுழைகிறது; இணைப்பு அதிகம், ஒவ்வொரு இணைப்பும் பலவீனம். மணல் புகுந்தால் திறக்காது, திறந்தால் மூடாது. எறியும் வேகத்தில் துண்டுகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொள்ள, நரம்பு ஓடும் வளையங்கள் ஒரே கோட்டில் நிற்காமல் போகும். எறியாமல் நீட்டி மட்டும் வைக்கிற கம்புக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதனால்தான் அதற்கு ஆமாம், இதற்கு இல்லை.

காம்போ என்றாலே மோசம் என்றும் சொல்லிவிட முடியாது. டெக்கத்லானின் கேப்பர்லான் போல ஒரே கம்பெனி ராடையும் ரீலையும் பொருத்திக் கொடுக்கும் இரண்டு துண்டுக் காம்போக்கள் உண்டு. அவற்றில் பொருத்தம் சரியாக இருக்கும். உடன் வரும் நரம்பை மட்டும் தூக்கிப் போட்டுவிட்டு வேறு சுற்றிக்கொள்ளலாம்.

தனித்தனியாக வாங்குகிறவருக்கு அடுத்த குழப்பம் ஸ்பின்னிங் ரீலா பெய்ட்காஸ்டர் ரீலா என்பது. யூட்யூபில் விரால் பிடிக்கும் பையன்கள் பலர் கையில் பெய்ட்காஸ்டர்தான். ராடின் மேல் உட்காரும், பார்க்க அழகு, குறி பார்த்து எறியலாம், தடித்த நரம்பைத் தாங்கும். எல்லாம் உண்மை. ஆனால் எறியும்போது ஸ்பூலே (நரம்பு சுற்றியிருக்கும் உருளை) சுழல்கிறது. லூர் (செயற்கை இரை) தண்ணீரைத் தொடும் கணத்தில் கட்டைவிரலால் ஸ்பூலை நிறுத்தாவிட்டால், ஓடாத நரம்பு உள்ளேயே சுருண்டு குருவிக்கூடாகிவிடும். மலிவான பெய்ட்காஸ்டரில் பிரேக் சரியாக இருக்காது என்பதால் அங்கே இது இரட்டிப்பு. எடை குறைந்த இரையை அது ஒழுங்காக எறியவும் எறியாது. வலக்கையா இடக்கையா என்று வாங்கும்போதே முடிவு செய்ய வேண்டும், பிறகு மாற்ற முடியாது.

ஸ்பின்னிங் ரீல் ராடின் கீழே தொங்கும். எறியும்போது ஸ்பூல் அசையாது, நரம்பு மட்டும் உருவிக்கொண்டு போகும். கைப்பிடியை வலமோ இடமோ மாற்றிக்கொள்ளலாம். அரை மணி நேரத்தில் ஒருவர் 20 மீட்டர் எறியப் பழகிவிடுவார். ஆகவே முதல் ரீல் ஸ்பின்னிங். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. அளவு 2500 அல்லது 3000. ஷிமானோ, டைவா, அபு கார்சியா எல்லோரிடமும் 1,500இலிருந்து 2,500 ரூபாய் சுற்றில் தொடக்க ரகம் உண்டு. அளவு எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் எண்ணை மட்டும் நம்பாமல் ஸ்பூலின் மேல் எழுதியிருக்கும் நரம்புக் கொள்ளளவைப் படியுங்கள். ஷிமானோ என்றதும் சைக்கிள் ஞாபகம் வந்தால், ஆமாம், அதே ஜப்பானிய ஷிமானோதான்.

பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் இரண்டு எண்களை நீங்கள் கண்டுகொள்ளவே வேண்டாம். ஒன்று பேரிங் எண்ணிக்கை. பெயர் தெரியாத ரீலில் 12+1 என்று இருக்கும், நல்ல கம்பெனி ரீலில் 3+1 என்று இருக்கும். பின்னதுதான் நீண்ட நாள் ஓடும். இன்னொன்று அதிகபட்ச டிராக், அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் முன் ரீல் பிடித்து நிறுத்தும் பலம். 12 கிலோ டிராக் என்று பெருமையடிப்பார்கள். உங்கள் நரம்பு தாங்குவதே 6, 7 கிலோ என்றால் 12 கிலோ டிராக்கை எங்கே பயன்படுத்துவது? நரம்பின் பலத்தில் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்குக்கு டிராக்கை வைப்பதுதான் நடைமுறை. 15 பவுண்டு தாங்கும் நரம்புக்கு ஏறத்தாழ 2 கிலோ. மீன் எடை போடும் சின்னக் கொக்கித் தராசை நரம்பு நுனியில் மாட்டி இழுத்தால் தெரிந்துவிடும். எவ்வளவு பிடிக்கும் என்பது முக்கியமில்லை. விடும்போது திக்கித் திக்கி விடாமல் வழுக்கிக்கொண்டு விடுகிறதா என்பதைக் கடையிலேயே இழுத்துப் பாருங்கள்.

ராடுக்கு 7 அடி, இரண்டு துண்டு. பைக்கிலும் பஸ்ஸிலும் எடுத்துப்போக இதுவே வசதி. கைப்பிடிக்கு மேலே பொடி எழுத்தில் மூன்று தகவல் இருக்கும்: பவர் (ராடின் விறைப்பு), அதற்கு ஏற்ற நரம்பின் பலம் பவுண்டில், எறியும் எடை. ஏரிக்கும் கழிமுகத்துக்கும் சேர்த்து என்றால் மீடியம் பவர், 8 முதல் 16 பவுண்டு, 7 முதல் 28 கிராம் என்ற வட்டாரத்தில் ஏதாவது. மூன்றில் எடைதான் உண்மையான வழிகாட்டி. 40 கிராமுக்குச் செய்த ராடில் 8 கிராம் இரையைக் கட்டினால் ராடு வளையாது. வளையாத ராடு எறியாது. விரால் மட்டும்தான் குறி, அதுவும் ஆகாயத்தாமரைக்கு நடுவிலிருந்து இழுக்க வேண்டும் என்பவர் மீடியம் ஹெவிக்குப் போகலாம்.

கார்பனா, கண்ணாடி இழையா? கார்பன் லேசு, கடி நன்றாகத் தெரியும், ஆனால் பாறையில் ஒரு தட்டு, பைக் ஸ்டாண்டில் ஒரு இடி பட்டால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது, அடுத்த வாரம் மீனோடு சேர்ந்து முறியும். கண்ணாடி இழை கனம், மந்தம், முரட்டுத்தனத்தைத் தாங்கும். வீட்டில் பிள்ளைகளும் எடுக்கப்போகிறார்கள் என்றால் கண்ணாடி இழையோ, இரண்டும் கலந்ததோ போதும். கார்பனில் மின்சாரம் பாயும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஏரிக்கரையில் தலைக்கு மேல் மின்கம்பி போகிற இடத்தில் ராடை நிமிர்த்தாதீர்கள். இடி மின்னல் என்றால் மடித்துக் கட்டிவிட வேண்டியதுதான்.

நரம்பும் முள்ளும்

காசு போகவேண்டிய இடம் இது. ஆனால் போகிற காசு அதிகமில்லை. நல்ல நைலான் மோனோ (ஒற்றை இழை நரம்பு) 300 ரூபாய்க்குள்ளேயே கிடைக்கும். பிரெய்ட் எனப்படும் பின்னல் நரம்பு அதைவிடப் பல மடங்கு.

பிரெய்டின் பக்கம் நியாயம் நிறைய. அதே பலத்துக்கு மோனோவில் பாதித் தடிமன்தான், அதனால் தூரம் போகும். கிட்டத்தட்ட இழுபடவே இழுபடாததால் 30 மீட்டர் தள்ளி மீன் உரசினாலும் கையில் தெரியும். தாமரைக் கொடியை அறுத்துக்கொண்டு வரும். ஆனால் பாறையிலும் சிப்பி படிந்த பாலத்தூணிலும் ஒரு உரசலில் அறுந்துவிடும். அதனால் நுனியில் மோனோவிலோ ஃப்ளூரோகார்பன் நரம்பிலோ லீடர் என்ற ஒரு துண்டைக் கட்டியாக வேண்டும். வழுவழுப்பால் சாதாரண முடிச்சு உருவிவிடும். ஸ்பூலில் நேராகச் சுற்றினால் மொத்தமாக வழுக்கிச் சுழலும், அடியில் கொஞ்சம் மோனோவோ டேப்போ வேண்டும். அடியில் சிக்கினால் கையில் சுற்றி இழுக்கக் கூடாது, சதையை அறுத்துவிடும்.

மோனோ இழுபடும். துல்லியம் வேண்டுபவருக்கு அது குறை, புதியவருக்கோ அதுதான் காப்பு. கடித்ததும் பதற்றத்தில் வெடுக்கென்று இழுப்பது எல்லோரும் செய்வதுதான். மோனோ அந்த வேகத்தைத் தான் வாங்கிக்கொள்ளும், மீன் வாய் கிழியாது, முடிச்சும் தாங்கும். 2500 ரீலுக்கு 10, 12 பவுண்டு. 3000க்கு 12, 15. ஸ்பூலின் விளிம்பிலிருந்து 2 மில்லிமீட்டர் குறைவாக நிரப்புங்கள். வழிய வழியச் சுற்றினால் வளையம் வளையமாகக் கொட்டும், பாதி சுற்றினால் தூரம் போகாது. வெயில் நைலானுக்கு எமன், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடலாம்.

முள்ளின் எண்ணில் பலர் தடுமாறுவார்கள். 10, 8, 6, 4, 2, 1 என்று எண் குறையக் குறைய முள் பெரிதாகும். அதன்பிறகு 1/0, 2/0, 3/0 என்று எண் கூடக்கூடப் பெரிதாகும். ஜிலேபிக்கும் சின்னக் கெண்டைக்கும் 8, 10. கெளுத்திக்கு 1 அல்லது 1/0. கழிமுகத்தில் உயிர் இறால் வைத்துக் கொடுவாய்க்கு என்றால் 3/0 பக்கம். சின்ன முள்ளில் பெரிய மீன் வருவதுண்டு. பெரிய முள்ளில் சின்ன மீன் வராது. சந்தேகம் வந்தால் ஒரு அளவு சின்ன முள்ளாக எடுங்கள். நார்வேயின் மஸ்டாட், ஜப்பானின் ஓனர், கமகட்சு இவற்றில் எதுவானாலும் சரி. முனை மழுங்கவில்லை என்பதற்குச் சோதனை நகத்தில் வைத்து மெதுவாக இழுப்பது: வழுக்கினால் மழுங்கல், கீறி நின்றால் கூர்.

மூன்று கொக்கியுள்ள டிரெபிள் முள் இப்போதைக்கு வேண்டாம். துள்ளுகிற மீனின் வாயில் ஒன்று, உங்கள் விரலில் ஒன்று என்று மாட்டிக்கொண்டால் நேராக ஆஸ்பத்திரி. எந்த முள்ளாக இருந்தாலும் அதன் எதிர்ச்செதிளை (முனைக்குக் கீழே பின்நோக்கி நிற்கும் சின்ன முள்) குறட்டால் நசுக்கிவிட்டால் மீனிலிருந்தும் சுலபமாக வரும், மனிதனிலிருந்தும் சுலபமாக வரும்.

குறடு என்றதும் ஒன்று. மூக்குக் குறடு வாங்காமல் மேலே சொன்ன எதையும் வாங்காதீர்கள். ஏரியில் தேளி, கழிமுகத்தில் இருங்கெளுத்தி இரண்டுக்கும் துடுப்பு முள்ளில் விஷம் உண்டு. குத்தினால் உயிர் போகாவிட்டாலும் அன்றைய நாள் போய்விடும். பொறுத்துக்கொள்ளும் சூட்டில் வெந்நீரில் கையை வைப்பது வலியைக் குறைக்கும். பிறகு மருத்துவரைப் பாருங்கள்.

இரையா, லூரா

இரை மலிவு, எல்லா மீனும் கடிக்கும், ஆனால் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். லூர் என்றால் எறிந்து, இழுத்து, நடந்துகொண்டே இருக்க வேண்டும், வேட்டை மீன் மட்டும்தான் வரும். ஏரியில் விரால், கழிமுகத்தில் கொடுவாய், செப்பிலி, பாறை மீன். முதல் மாதம் இரையோடு இருப்பது நல்லது. லூர் பெட்டிக்கு ஆரம்பத்தில் இரண்டே உருப்படி போதும்: உள்ளீடற்ற ரப்பர் தவளை ஒன்று, 10 கிராம் சுற்றில் ஈயத்தலையோடு ரப்பர் மீன் ஒன்று. தவளையின் முள் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருப்பதால் கொடியில் சிக்காது. விரால் அதை அடித்தவுடன் இழுக்காதீர்கள். வாய்க்குள் வாங்க ஒரு நொடி கொடுங்கள். செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுக் கூட்டம் தண்ணீர் மேல் கொப்புளித்துக்கொண்டிருந்தால் அங்கே தவளையை எறிய வேண்டாம். அடியில் காவலுக்கு நிற்பது தாய் தகப்பன். அதைப் பிடித்தால் அந்தக் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும்.

4,000 ரூபாயில் என் கணக்கு இப்படி: ரீல் 1,800, ராடு 1,200, நரம்பு 300, இரண்டு அளவில் முள் 200, குறடு, ஈயம், சுழல்வளையம், தக்கை எல்லாம் சேர்த்து 300. மிச்சம் 200 வெறும் இருப்பு. அடியில் சிக்கி அறுந்து போகும் ஈயத்துக்கும் முள்ளுக்கும் அது ஒரு மாதத்தில் கரைந்துவிடும். 1,500தான் இருக்கிறது என்பவருக்கு அதே விலையில் வரும் மோசமான காம்போவைவிட மூங்கிலும் கைத்தூண்டிலும் வாங்கிக்கொண்டு மீதியைச் சேர்த்து வைப்பது நல்லது. விலைகள் ஊருக்கு ஊர் முன்னே பின்னே இருக்கும்.

வாங்கும் முன் இடத்தையும் விசாரித்துவிடுங்கள். பல ஏரி, குளங்களின் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். குத்தகைக்காரரைக் கேட்காமல் உட்கார்ந்தால் சண்டை வரும், நியாயமும் அவர் பக்கம்தான். வேடந்தாங்கல், கரிக்கிலி போன்ற பறவைகள் சரணாலய ஏரிகளில் தூண்டிலே கூடாது.

பழைய சாமான் வாங்குவதும் நல்ல வழிதான், குறிப்பாக ரீல். பலர் ஆசையாக வாங்கி ஆறு மாதத்தில் பரணில் போட்டுவிடுவதால் நல்ல ரீல் பாதி விலைக்குக் கிடைக்கும். கடலுக்குப் போன ரீலா என்று கேளுங்கள். கேட்டாலும் இல்லையென்றுதான் சொல்வார்கள், அதனால் நீங்களே பாருங்கள். கைப்பிடியை மெதுவாகச் சுற்றும்போது மணல் அரைபடும் உணர்வு வந்தால் உள்ளே உப்பு. கைப்பிடியைச் சட்டென்று பின்னுக்குத் தள்ளினால் ஒரு மயிரிழைக்கு மேல் பின்வாங்கக் கூடாது. டிராக் குமிழைக் கழற்றி உள்ளே துரு இருக்கிறதா என்று பாருங்கள். நரம்பு திரும்பும் இடத்தில் சின்னதாக ஒரு ரோலர் இருக்கும், அதை நகத்தால் உருட்டுங்கள். சுழலவில்லை என்றால் அது நரம்பைத் தினமும் தேய்த்துக்கொண்டே இருக்கும், அந்த ரீலைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். சுழன்றால் விலை பேசுங்கள்.